சி ப்ரோக்ராம்ல 150 மார்க்கையும் சரின்னு எடுத்துக்குது, உதவுங்க

சி படிக்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது, விண்டோஸ் 10, கோட் எழுதுறது கோட்பிளாக்ஸ் சாஃப்ட்வேர்ல, ஜிசிசி கம்பைலர். யூசர்கிட்ட மார்க் வாங்கி 0லேர்ந்து 100க்குள்ள இருந்தா மட்டும் ஏத்துக்கணும், இல்லன்னா திரும்ப கேக்கணும், அவ்ளோதான். இஃப்ல கணக்குல எழுதுற மாதிரியே 0 <= மார்க் <= 100 னு போட்டிருக்கேன். 150 குடுத்தாலும் சரிங்குது, மைனஸ் 5 குடுத்தாலும் சரிங்குது, எரர் எதுவும் வரல.

இன்புட் வாங்குற ஸ்கேன்எஃப்ல வேரியபிள் முன்னாடி ஆம்பர்சண்ட் குறி இருக்கு. பிரிண்ட்எஃப் போட்டு பாத்தா 150ன்னு சரியாத்தான் காட்டுது, மார்க்கோட டைப்பை இன்ட்லேர்ந்து (முழு எண்) ஃப்ளோட்டா (தசம எண்) மாத்தினேன், ஆன்லைன் கம்பைலர்லயும் ஓட்டினேன், அதே கதைதான். இதே வரி ஃப்ரெண்டோட பைத்தான்ல ஒழுங்கா வேலை செய்யுது, அதான் ரெண்டு நாளா மண்டை காயுது. நாளான்னிக்கு லேப் எக்ஸாம்.

சி-ல இந்த ரெண்டு பக்க கம்பேரிசனை எப்படி எழுதணும்?