பூலா என்றால் பணம் மட்டும் இல்லை

கபரோனேயிலிருந்து ஒரு கணக்காளர்:

போட்ஸ்வானாவுக்கு வேலைக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. 2024 ஆகஸ்ட் 8, ராத்திரி எட்டரை மணி. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 200 மீட்டர் இறுதி. டீ டம்ளரைக் கீழே வைக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ, 21 வயசு, 19.46 விநாடியில் தங்கம். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாட்டி கையை உயர்த்தி "பூலா! பூலா!" என்று கத்துறாங்க. எனக்கு பூலான்னா மாசக் கடைசியில் கணக்கில் ஏறும் சம்பளம். இந்த ஊர் நோட்டுக்கு அதுதான் பேர்.

மறுநாள் அரசாங்கம் மத்தியானத்துக்கு மேல் நாடு முழுக்க விடுமுறை விட்டது. "ஒரு ஓட்டத்துக்கு லீவா?" என்று எங்க மேனேஜர் முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னா நானும்தான். பயிற்சிக்கு வந்திருந்த உள்ளூர்ப் பொண்ணு, 22 வயசு இருக்கும், ஃபைலை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ர்ரா (நம்ம 'சார்' மாதிரி), எங்களுக்கு இதுதான் ஒலிம்பிக்கில் முதல் தங்கம்."

1966-ல் சுதந்திரம் வாங்கின நாடு. ஜனத்தொகை சுமார் 25 லட்சம். அதுவரை ஒலிம்பிக்கில் வந்தது இரண்டே பதக்கம். 2012-ல் 18 வயசு நைஜல் ஏமோஸ் 800 மீட்டரில் வாங்கின வெள்ளி ஒன்று, டோக்கியோவில் தொடர் ஓட்ட வெண்கலம் இன்னொன்று. அந்த மே மாசம்தான் டெபோகோவின் அம்மா தவறியிருந்தார். ஜெயித்ததும் அவர் கேமரா முன்னால் தூக்கிக் காட்டின காலணியில் இருந்தது அம்மாவின் பிறந்த தேதி. இதையெல்லாம் சொல்லிவிட்டு, பூலா என்றால் மழை என்றும் அவளே சொன்னாள். கலஹாரி ஓரத்து ஊர், மழைதான் வரம். அதனால் பணத்துக்கும் அதே பேர், சந்தோஷம் வந்தால் கத்துவதும் அதே சொல்.

அவளிடம் இன்னொரு தடவையும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதே வருஷம் அக்டோபரில் தேர்தல். 58 வருஷம் ஆண்ட கட்சி தோற்றது. புது அமைச்சரவையில் இளைஞர் நலத்துக்கு லெசேகோ சோம்போ, 26 வயசு. மார்ச்சில் மும்பையில் நடந்த உலக அழகிப் போட்டியில் கடைசி நால்வரில் ஒருவராக நின்றவர். "அழகிப் பட்டம் வாங்கினவங்க மந்திரியா?" என்று சிரித்தேன். "அவர் வக்கீல். அதை ஏன் விட்டுட்டீங்க?" என்றாள். பதில் இல்லை.

நைரோபியிலிருந்து ஒருவர்:

கென்யாவின் எல்டோரெட்டில் வேலை முடிந்து ஒரு விடியற்காலை இட்டென் போயிருந்தேன், ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கும் மலை ஊர். கிட்டத்தட்ட 2,400 மீட்டர் உயரம். விடுதிப் படி ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது. செம்மண் ரோட்டில் இருபது, முப்பது பேராகக் கூட்டம் கூட்டமாக ஓடுகிறார்கள், பேச்சே இல்லை, காலடிச் சத்தம்தான். டீக்கடையில் ஒரு பையன் கெல்வின் கிப்டுமைப் பற்றி ஆரம்பித்தான். சிகாகோ மாரத்தானை 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்து, நாலே மாதத்தில், 24 வயசில், கார் விபத்தில் போனவர். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

2024 ஜூனில் அதே வயசுப் பிள்ளைகளை நைரோபித் தெருவில், வரி மசோதாவை எதிர்த்த போராட்டத்தில் பார்த்தேன். ரொட்டிக்கு 16 சதவீத வரி என்று மசோதாவில் இருந்ததை வீடியோ போட்டு ஊர் மொழிகளில் விளக்கியதே அவர்கள்தான். எங்கள் வரவேற்பறைப் பெண் பையில் தண்ணீர் பாட்டிலும் கொடியும் வைத்துக்கொண்டு வேலைக்கு வருவாள். 25-ம் தேதி பாராளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மறுநாள் ஜனாதிபதி மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்தார். அவள் இரண்டு நாள் கழித்து வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கபரோனே கணக்காளர் மறுபடியும்:

ஒன்று விட்டுப்போச்சு. 2025 செப்டம்பர் 21, ஞாயிறு மத்தியானம். டோக்கியோ உலகப் போட்டியில் கொட்டுகிற மழையில் 4x400 தொடர் ஓட்டம். கடைசிச் சுற்றில் போட்ஸ்வானாவின் கெபினாட்ஷிபி அமெரிக்காவை நூலிழையில் முந்த, அந்தப் பந்தயத்தில் ஆப்பிரிக்காவுக்கு முதல் உலகத் தங்கம். பயிற்சிக்கு வந்திருந்த அந்தப் பொண்ணிடமிருந்து ஒரே ஒரு சொல்லில் செய்தி வந்தது: "பூலா."

செப்டம்பர் 29 விடுமுறை என்று அறிவித்தார்கள். 30 எப்படியும் சுதந்திர தினம். அன்றைக்கு முணுமுணுத்த அதே மேனேஜர் குடும்பத்தோடு சோபே தேசியப் பூங்காவுக்கு யானை பார்க்கக் கிளம்பிட்டார்.