சான் ஹுவானுக்கு மூன்று நாள் லீவில் போய் வந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நாங்கள் போனது 2025 ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் நாளோடு சேர்ந்து வந்த வாரயிறுதிக்கு. வீட்டுக்காரருக்கு எச்1பி, அமெரிக்காவில் வேலை செய்வதற்கான விசா. பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை முடிந்துபோயிருந்தது. வெளிநாடு போனால் திரும்பி வர ஸ்டாம்பிங் என்று அலைய வேண்டும். சான் ஹுவான் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்குச் சொந்தமான தீவு. அதனால் அந்தக் கவலை இல்லை, உள்நாட்டு விமானம்தான். நியூவார்க்கில் ஏறினால் நாலு மணி நேரம். ஆனாலும் பாஸ்போர்ட்டையும் எச்1பி அனுமதிக்கான ஐ-797 தாளையும் கையில் வைத்துக்கொண்டுதான் போனோம். நீங்களும் எடுத்துப்போங்கள்.

திட்டம் போட்டது நான். பழைய சான் ஹுவான் என்பது துறைமுக வாயில் கிடக்கும் ஒரு சின்னத் திட்டு. பெரும்பகுதியைச் சுற்றிக் கோட்டை மதில், உள்ளே நெருக்கமான தெருக்கள். எந்த மூலைக்கும் நடந்தே போய்விடலாம். வரைபடத்தைப் பார்த்ததும், இதற்கு என்ன பெரிய திட்டம் என்று நினைத்துவிட்டேன். அந்த ஊரில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. எந்த நாள், எந்தப் பொழுதில் எங்கே நிற்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். போய் இறங்கிய இரவே அது புரிந்தது.

ஜனவரி 20 புனித செபஸ்தியார் திருநாள். அதையொட்டி ஜனவரி மூன்றாம் வாரத்தில் பழைய ஊருக்குள் நாலு நாள் தெருத் திருவிழா நடக்கிறது. ஊர்க்காரர்கள் செல்லமாக ‘சான்சே’ என்கிறார்கள். சில வருடம் அது நம் லீவு வாரயிறுதியிலேயே வரும், சில வருடம் ஒரு வாரம் தள்ளிப் போகும். நாங்கள் போன வருடம் சரியாக ஒன்றாக வந்தது. எனக்குத் தெரியாது. வாடகைக்கு எடுத்த வீடு வேறு, திருவிழாத் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. டாக்சிக்காரர் தடுப்புக் கட்டை வரைதான் வந்தார். “இதற்கு மேல் வண்டி போகாது, நடந்து போங்கள், நன்றாக இருக்கும்” என்று சொல்லிவிட்டு இறக்கிவிட்டார்.

அந்தத் தெருக்களில் பாவியிருக்கும் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடில் வார்த்த கற்கள். நீலமும் சாம்பலும் கலந்த நிறம். மழை பெய்து ஓய்ந்ததும் அந்த நீலம் மேலே எழுந்து வரும், அவ்வளவு அழகு. ஆனால் அதன்மேல் சக்கரப் பெட்டி இழுக்க முடியாது. ஏற்றத்தில் பாதி போவதற்குள் எங்கள் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று உருண்டது. மேல்மாடி பால்கனியிலிருந்து ஒரு பாட்டி அதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். இருபது வயதுப் பையன் ஒருவன் இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசல் வரை நடந்தான். நான் பர்ஸைத் திறந்ததும் கையை ஆட்டி மறுத்துவிட்டு, என் மகளின் கையில் அடித்து ஹைஃபைவ் வாங்கிக்கொண்டு போனான்.

அன்று இரவு தூங்கவில்லை, அது உண்மை. ஆனால் குறை சொல்ல மனம் வரவில்லை. காகிதக் கூழில் செய்த பெரிய பெரிய தலைகளை மாட்டிக்கொண்டு ஆட்கள் ஆடி வந்தார்கள். பின்னால் ப்ளேனா என்ற அந்த ஊர் நாட்டுப்பாட்டுக்காரர்கள். கையில் பிடித்து அடிக்கும் வாத்தியம் கஞ்சிராவைப் போலவே இருக்கிறது, சலங்கை மட்டும் இல்லை. மூன்று அளவில் வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் அடிக்கிறார்கள். தெருவில் ஒரு கைப்பிடி இடம் இல்லை. சின்னக் குழந்தை, வயதானவர்கள் கூட வந்தால் அந்த நாலு நாளைத் தவிர்த்துவிடுங்கள். இளவட்டங்கள் என்றால் அந்த நாளைப் பார்த்தே டிக்கெட் போடுங்கள், வீட்டை மட்டும் மதிலுக்கு வெளியே எடுங்கள்.

சனிக்கிழமை காலை கூட்டத்துக்குப் பயந்து பழைய ஊருக்கு வெளியே இருக்கும் சாந்துர்ஸே பகுதிச் சந்தைக்குப் போனோம். அங்கே ஓர் அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பச்சைக் காய் உரித்துக்கொண்டிருந்தார். அருகே போய்ப் பார்த்தால் துவரங்காய்! பொங்கல் கழிந்த வாரம், ஊரில் எங்கள் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து உரிக்கும் அதே துவரை, செம்பழுப்புக் கோடு ஓடிய அதே தோல். ‘காந்தூலெஸ்’ என்று சொல்லிக் கொடுத்தார். தெலுங்குக்காரர்கள் ‘கந்துலு’ என்பார்களே, கேட்டதும் அதுதான் நினைவுக்கு வந்தது. நம் பக்கத்துப் பயறு. ஆப்பிரிக்கா வழியாக, அடிமைக் கப்பல்களின் காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. நான் இரண்டு காயை எடுத்து நகத்தால் கீறி உரித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, ‘இவளைப் பார்’ என்பதுபோல் காட்டினார். கால் மணி நேரம் அவரோடு உட்கார்ந்து உரித்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த கால் மணி நேரம் அதுதான்.

சாயங்காலம் ஃபஹார்தோ. கிழக்கே ஒரு மணி நேரப் பயணம். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள் நிறைந்த காயல் அங்கே இருக்கிறது. தண்ணீர் கலங்கினால் அவை ஒளிவிடும். நிலா இருந்தால் ஒன்றும் தெரியாது. அதனால் இதற்கு நாள் பார்க்க ஆங்கிலக் காலண்டர் போதாது, அமாவாசை பௌர்ணமி போட்ட நம் நாட்காட்டிதான் வேண்டும். பதிவு செய்யும்போது அம்மாவிடம் போனில் சொன்னேன். “திருவாதிரை முடிந்து அஞ்சு நாள் ஆகியிருக்குமே, நிலா எழ நேரமாகும்டி, முதல் படகிலேயே போயிடுங்க” என்றார். அப்படியே நடந்தது. அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்த குறுகலான வாய்க்காலில், கும்மிருட்டில், துடுப்பு படும் இடத்தில் மட்டும் நீலமாக ஒரு புகை. என் மகள் கையால் அள்ளினாள். உள்ளங்கையில் பொட்டுப்பொட்டாக மின்னி, விரலிடுக்கில் ஒழுகி அணைந்தது. இறங்கி நீந்தத் தடை, கொசுமருந்து பூசிக்கொண்டும் வரக்கூடாது. அந்த உயிர்களுக்கு ஆகாது. இதில் தயவுசெய்து ஏமாற்றாதீர்கள்.

* * *

மேலே எழுதிய சகோதரி சொன்ன நாள் கணக்கோடு கப்பல் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் லீவில் தனியாகப் போனேன். சொகுசுக் கப்பல்கள் பழைய ஊரின் காலடியிலேயே வந்து கட்டுகின்றன. மூன்று நாலு கப்பல் வந்த நாளில் ஃபோர்த்தலேசா தெருவில் நடக்கவே இடமிருக்காது, சாப்பாட்டுக் கடையில் காத்து நிற்க வேண்டும். எந்த நாளில் எத்தனை கப்பல் என்ற அட்டவணை முன்கூட்டியே இணையத்தில் கிடைக்கும். பார்த்துவிட்டு, கூட்டமான நாளில் எல் யுன்கே மழைக்காட்டுக்குப் போய்விடுங்கள். மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள்.

நான் சுத்த சைவம். மோஃபோங்கோ என்று ஒரு பண்டம். வாழைக்காயைப் பொரித்து மர உரலில் பூண்டோடு இடிப்பார்கள். கேட்க நமக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் பன்றித்தோல் வறுவலையும் சேர்த்துத்தான் இடிப்பது வழக்கம். பீன்ஸ் குழம்பிலும் ஹாம் துண்டு கிடக்கும். அந்தச் சகோதரி சொன்ன துவரையைப் போட்டுச் சமைக்கும் சோறும் பெரும்பாலும் அப்படித்தான். ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்றால் சிலர் மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ‘சின் ஹமோன், சின் சிச்சரோன்’ (ஹாம் இல்லாமல், பன்றித்தோல் வறுவல் இல்லாமல்) என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கடையில் நான் இப்படித் தடுமாறிச் சொல்ல, சமைக்கிற அம்மாவே வெளியே வந்து உரலைக் காட்டி, கழுவிவிட்டுப் புதிதாக இடித்துத் தந்தார். சாப்பிடும்போது வாசலைக் கடந்து போன யாரோ ஒருவர் ‘புவென் ப்ரோவெச்சோ’ என்றார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். முன்பின் தெரியாதவர்கள் இப்படிச் சொல்லிவிட்டுப் போவது அங்கே சாதாரணம். தனியாகச் சாப்பிட்ட எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

பில்லில் விற்பனை வரி 11.5 சதவீதம் வரை வரும். டிப்ஸ் தனி. பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

* * *

வயதானவர்களை அழைத்துப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக நானும் எழுதுகிறேன். மே மாதம் மெமோரியல் டே லீவில் அப்பா அம்மாவோடு போனோம். அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வேறு எந்த ஊரைக் காட்டியும் அசையாதவர், துறைமுகம் என்றதும் சரி என்றார்.

முதல் நாள் நான் செய்த தவறு, எல் மோர்ரோ கோட்டைக்கு மதியம் போனது. கோட்டை வாசலுக்கு முன்னால் பெரிய புல்வெளி. எதிரி ஒளிந்து வரக்கூடாது என்பதற்காகவே வெட்டவெளியாக வைத்த இடம். ஒரு மர நிழல் கிடையாது. பாதி தூரத்தில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. பட்டம் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து தன் குடையை அம்மா கையில் கொடுத்து, ஐஸ்பெட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துத் தந்தார். திரும்பிவிட்டோம். மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே இருந்தோம். கடல் காற்று அள்ளிக்கொண்டு போனது, வெயில் ஏறுவதற்குள் பார்த்து முடித்தோம். மாலை நாலரைக்கெல்லாம் மூடிவிடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பத்து டாலர், அதே சீட்டில் சான் கிறிஸ்தோபல் கோட்டையும் பார்க்கலாம். பதினைந்து வயது வரை இலவசம்.

கோட்டையின் மேல்தளத்தில் நின்று அப்பா துறைமுக வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: “இந்த வாயை அடைச்சவன் கையிலதான் துறைமுகம்.” ஸ்பானியர்கள் 1539இல் இங்கே கட்டத் தொடங்கியது அதற்காகத்தான். 1595இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பிரான்சிஸ் டிரேக் கப்பல்களோடு வந்து இந்தப் பீரங்கிகளிடம் அடி வாங்கித் திரும்பினார். மூன்றே வருடத்தில் இன்னொரு ஆங்கிலேயரான கம்பர்லாந்துப் பிரபு வாய்ப் பக்கம் வராமல் தரைவழியாக வந்து கோட்டையைப் பிடித்துவிட்டார். ஆனால் அவருடைய ஆட்களை வயிற்றுக்கடுப்பு வாரிக்கொண்டு போக, விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 1625இல் டச்சுக்காரர்கள் ஊரையே கொளுத்தினார்கள், கோட்டை மட்டும் விழவில்லை. தரைப்பக்கத்தைக் காக்கத்தான் பிறகு சான் கிறிஸ்தோபலை எழுப்பினார்கள். இதையெல்லாம் பலகையில் படித்துப் படித்து அப்பாவுக்குச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “தண்ணிக்கு என்ன பண்ணாங்க?” சான் கிறிஸ்தோபல் முற்றத்துக்கு அடியில் மழைநீர் சேர்க்கும் ஐந்து பெரிய தொட்டிகள் இருக்கின்றன. அதைக் காட்டியபிறகுதான் அவருக்குத் திருப்தி.

அம்மாவுக்குப் பிடித்தது மதிலுக்கு வெளியே, கடலோரமாகப் போகும் நடைபாதை. சிவப்பு வாசல் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள், அதைத் தாண்டி வலப்பக்கம். காலையில் மதிலின் நிழல் பாதை முழுவதும் விழும், மாலையில் எதிரே சூரியன் இறங்கும். மதியத்தில் மட்டும் போகாதீர்கள். வழியெல்லாம் பூனைகள். அவற்றுக்குச் சோறு வைப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

அங்கேதான் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். எழுபது வயதிருக்கும். பாறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டிருந்தார். ஒரு கன்டெய்னர் கப்பல் வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது. அப்பா அதன் பக்கத்தில் ஓடிய சின்னப் படகைக் காட்டி “பைலட்” என்றார், கப்பலுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுவருபவர். பெரியவர் “ப்ராக்திகோ” என்றார், ஸ்பானிஷில் அதே ஆளுக்குப் பெயர். அப்பா இரண்டு கைகளாலும் கயிற்று ஏணியில் ஏறுவதுபோல் செய்து காட்ட, அவர் தன் மார்பில் தட்டி, பெட்டி தூக்கி வைக்கும் கிரேனைப்போல் கையை நீட்டி இறக்கினார். அவரும் துறைமுக ஆள்! அப்பாவுக்கு ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்க்கப் போனேன், அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் கப்பலைப் பார்த்துக்கொண்டு கையாலேயே பேசினார்கள்.

கிளம்பும்போது அவர் பையிலிருந்து நாலு மாம்பழத்தை எடுத்துத் தந்து “மங்கோ” என்றார், கடைசி எழுத்தில் அழுத்தம் கொடுத்து. அப்பா “மாங்கா” என்றார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். உள்நாட்டு விமானம் என்றாலும், அங்கிருந்து திரும்பும்போது பைகளுக்கு வேளாண் சோதனை உண்டு. மாம்பழம் கொண்டுவர முடியாது, பழ ஈ தொற்றிக்கொண்டு வந்துவிடும் என்று. எனக்கு அது விமான நிலையத்தில்தான் தெரிந்தது. சோதனை செய்த பெண் மரியாதையாகத்தான் சொன்னார். ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று அப்பா கேட்கச் சொன்னார். தாராளமாக என்றார். அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பழத்தைத் தோலோடு கடித்துச் சாப்பிட்டார்கள், நானும் தம்பியும் மற்ற இரண்டை. நார் அதிகம், நல்ல இனிப்பு. அப்பா கொட்டையைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைக்கப் போனார். அந்தப் பெண் தலையை ஆட்டினார். கொட்டையும் கூடாதாம்.