அம்மாவுக்குக் கீமோ போர்ட் வைப்பதா, பிக் லைன் போடுவதா?

கேள்வி: அம்பை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, மார்பகத்தையும் இடது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றிவிட்டார்கள். ஹெர்2 பாசிட்டிவ் (புற்றணுக்களில் ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இருப்பது) என்று பரிசோதனை முடிவு வந்திருப்பதால், மூன்று வாரத்துக்கு ஒரு முறை வீதம் நான்கு சைக்கிள் (சுற்று) டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும், அதன்பின் வாரந்தோறும் பன்னிரண்டு முறை பாக்ளிடாக்செல், அதனுடன் தொடங்கி ஓராண்டு வரை டிராஸ்டுசுமாப் என்று சிகிச்சையைத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

முதல் சைக்கிளை வலக்கையில் வென்ஃப்ளான் (கை ரத்தக்குழாயில் செருகும் சிறு பிளாஸ்டிக் குழாய்) போட்டு ஏற்றினார்கள். ரத்தக்குழாய் எளிதில் அகப்படாததால் பல இடங்களில் குத்த நேர்ந்தது. மருந்து ஏறிய ரத்தக்குழாய் முன்கையில் தடித்துக் கறுத்துப்போய், தொட்டாலே வலிக்கிறது என்கிறார். நிணநீர்க் கணுக்களை அகற்றிய பக்கம் என்பதால் இடக்கையில் ஊசியே போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நெடுநாள் மருந்து ஏற்றுவதற்காக உடலில் வைக்கும் குழாய்களான போர்ட், பிக் லைன் இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொண்டு இரண்டாவது சைக்கிளுக்கு வரும்படி மருத்துவர் கூறினார். போர்ட்டுக்குச் செலவு அதிகம். மேலும், மறுபடியும் கத்தியா என்று அம்மா தயங்குகிறார். பிக் லைன் என்றால் வாரம் ஒரு முறை டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டுமாம். சிகிச்சை மதுரையில், வீடு அம்பாசமுத்திரத்தில். எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

பதில்: டே கேர் செவிலியர்

சகோதரி, புற்றுநோய்ப் பிரிவின் டே கேரில் பணிபுரிபவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கு வென்ஃப்ளானோடு தொடரும் வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. எல்லாரும் சிவப்பு மருந்து என்று சொல்லும் டாக்ஸோரூபிசின், ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தோலும் தசையும் அழுகிப் புண்ணாகி, சிலருக்கு வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டிய நிலைவரை கொண்டுபோய்விடும். ஏற்கெனவே நொந்துபோன ஒரே கையில் அதை இன்னும் மூன்று முறை ஏற்றுவதை உங்கள் மருத்துவர் விரும்பாததில் வியப்பில்லை.

பிக் லைன் என்பது மேற்கையின் உட்புறத்தில் ஸ்கேன் பார்த்து நுழைத்து, இதயத்துக்குச் சற்று மேலே உள்ள பெரிய சிரைவரை கொண்டுசெல்லப்படும் மெல்லிய குழாய்; அதன் மறுமுனை கைக்கு வெளியே இருக்கும். போர்ட்டிலும் குழாயின் நுனி ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் வெளிமுனை கிடையாது. காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சிறு கிண்ணத்தைப் பதித்து, அதன் சிலிகான் மூடியில் தோலின் வழியாகவே ஊசி குத்தி மருந்தை ஏற்றுகிறோம். அதற்கு ஹூபர் ஊசி என்ற தனி ஊசி வேண்டும். சாதாரண ஊசி சிலிகானைத் துருவி எடுத்துவிடும் என்பதால் அதைப் பயன்படுத்த யாரையும் அனுமதிக்காதீர்கள். ஹிக்மன் என்ற மூன்றாவது வகையும் உண்டு. அது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்றவற்றுக்கானது, உங்களுக்குத் தேவைப்படாது.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இடக்கை விலக்கப்பட்டுவிட்டதால், பிக் லைன் போடுவதென்றால் வலக்கையில்தான் போட வேண்டும். குழாய் இருக்கும் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதையும் ரத்தம் எடுப்பதையும் தவிர்ப்பது வழக்கம் என்பதால், அவருக்கு இரண்டு கைகளும் இல்லாதது போலாகிவிடும். ஒவ்வொரு முறையும் காலில் பிரஷர் பார்க்க நேரிடும். பிக் லைனில் ரத்தம் உறைந்து கை வீங்கும் வாய்ப்பும் போர்ட்டைவிட அதிகம். அது நேர்ந்தால் மிச்சமிருக்கும் ஒரே கையும் பாதிக்கப்படும்.

பிரிட்டனில் 18 மையங்களில் 1061 நோயாளிகளைக் கொண்டு நடந்த காவா என்ற ஆய்வு 2021-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பிக் லைனையும் போர்ட்டையும் ஒப்பிட்ட பிரிவில், பிக் லைன் போட்டவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் போர்ட் வைத்தவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்தது. போர்ட்டிலும் மூன்றில் ஒருவருக்குச் சிக்கல் என்பதை மறந்துவிட வேண்டாம். ஆனாலும் ஓராண்டுக்கு மேல் நீளும் சிகிச்சைக்கு என் சாய்வு போர்ட்டின் பக்கமே. இறுதி முடிவு உங்கள் மருத்துவருடையது.

பதில்: தாம்பரம் வாசகன்

என் தந்தைக்குப் பெருங்குடல் புற்றுநோய். 46 மணி நேரம் பம்ப் வழியாக மருந்து இறங்க வேண்டியிருந்ததால் அவருக்குப் பிக் லைன் போட்டார்கள். ஆறு மாதச் சிகிச்சை முழுவதும் அது ஒழுங்காகவே வேலை செய்தது. மருத்துவமனை வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்ததும், வாரந்தோறும் ஒரே செவிலியர் டிரெஸ்ஸிங் மாற்றியதும் அதற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். முடிந்ததும் படுக்கையில் உட்காரவைத்து உருவி எடுத்துவிட்டார்கள். கத்தி, தையல் எதுவும் தேவைப்படவில்லை. ஆகவே பிக் லைனை மட்டமாக நினைக்க வேண்டாம். குறுகிய காலச் சிகிச்சைக்கு அது நல்ல ஏற்பாடு.

தொல்லை தந்தது எங்கள் ஊர் வெயில்தான். வியர்வையில் ஒட்டுப்படலத்தின் ஓரம் மேலெழும்பிவிடும். அப்படி எழும்பினால் ஒரு வாரம் ஆகும்வரை காத்திராமல் அன்றே மாற்றியாக வேண்டும். குளிக்கும்போது கையில் பிளாஸ்டிக் உறை சுற்றிக்கொண்டு, அந்தக் கையை உயர்த்திப் பிடித்தபடியே தண்ணீர் ஊற்றிக்கொள்வார். ஆற்றுக் குளியலுக்குப் பழகியவர்களால் மாதக்கணக்கில் இதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவது, மாவாட்டுவது போன்ற வேலைகளையும் அந்தக் கையால் செய்யக் கூடாது என்றார்கள்; வலக்கை என்றால் உங்கள் அம்மாவுக்கு அது பெரிய இடைஞ்சல். நீங்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் மதுரைக்குப் போவீர்கள் என்றால், இடைப்பட்ட வாரங்களில் பிக் லைனைக் கையாளப் பழகிய செவிலியர் திருநெல்வேலியிலாவது கிடைப்பாரா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

பதில்: இரண்டாண்டு போர்ட்காரி

எனக்கும் ஏறத்தாழ இதே சிகிச்சைதான் நடந்தது. போர்ட் வைப்பதை நினைத்து நானும் பயந்தேன். ஆனால் மார்பக அறுவை சிகிச்சையோடு அதை ஒப்பிடவே முடியாது. மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். சில நாள்கள் கழுத்தைத் திருப்பும்போது இழுத்துப் பிடித்தது. புண் ஆறியபின் பழையபடி குளிக்கத் தொடங்கினேன்.

போர்ட் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். உள்ளாடையின் பட்டையும் தாலிக்கொடியும் உராயும் இடத்தில் அமைந்தால் நாள் முழுவதும் உறுத்தும். எனக்கு மருத்துவரே உட்காரவைத்துப் பட்டை விழும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, சற்றுத் தள்ளி வைத்தார். கீமோவுக்குக் கிளம்பும் முன், ஊசி ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மரத்துப்போகும் களிம்பைப் போர்ட்டின் மேல் தடவிக்கொண்டால் குத்துவது அவ்வளவாகத் தெரியாது.

ஒரே ஓர் ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். போர்ட் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கும் கையில் குத்த மாட்டார்கள் என்று எண்ணியிருந்தேன். எங்கள் ஊரில் எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் போர்ட்டிலிருந்து ரத்தம் எடுக்கவில்லை. அதற்கு ஹூபர் ஊசியும் பயிற்சியும் வேண்டும். செலவைப் பொறுத்தவரை, உங்கள் காப்பீட்டில் கருவிக்குத் தனியாக அனுமதி உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம்.

கேள்வியாளரின் பதில்: அம்பை மகள்

மூவருக்கும் நன்றி. இரண்டு கைகளும் இல்லாதது போலாகிவிடும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அதைப் படித்துக் காட்டியதும் அம்மா போர்ட்டுக்குச் சம்மதித்துவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சர்க்கரை நோயால் புண் ஆறாமல் போகுமா? பாக்ளிடாக்செல் முடிந்ததும் போர்ட்டை எடுத்துவிடலாமா, டிராஸ்டுசுமாப் முடியும்வரை வைத்திருக்க வேண்டுமா?

பதில்: டே கேர் செவிலியர்

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தொற்று வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். கீமோவுக்கு முன் தரும் ஸ்டீராய்டு மருந்தாலும் சர்க்கரை ஏறும் என்பதால், போர்ட் வைக்கும் வாரத்தில் வீட்டிலேயே அடிக்கடி அளந்து மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் கீமோவில் இறங்கிய வெள்ளையணுக்கள் மீண்டும் ஏறியபின், இரண்டாவது சைக்கிளுக்குச் சற்று முன்பாகப் போர்ட் வைப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இப்போதே தெரிவித்துவிடுங்கள். வலப்பக்கக் கழுத்துச் சிரை வழியாக, ஸ்கேன் உதவியுடன் வைப்பார்களா என்றும் கேளுங்கள். காறையெலும்புக்கு அடியில் செல்லும் சிரை வழியாக வைத்தால், அந்த எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே குழாய் நசுங்கிக் காலப்போக்கில் முறியும் ஆபத்து, அரிதாக இருந்தாலும், உண்டு.

டிராஸ்டுசுமாப் கசிந்தால் சதையைப் புண்ணாக்கும் மருந்து அல்ல. அதை வென்ஃப்ளானில் ஏற்றலாம், தோலடி ஊசியாகவும் அது கிடைக்கிறது. ஆகவே பாக்ளிடாக்செல் முடிந்தபின் போர்ட்டை எடுத்துவிடுவதிலும் தவறில்லை. ஆனால் வலக்கை ரத்தக்குழாய்கள் இப்போதே இப்படி இருக்கும்போது, ஓராண்டு முடியும்வரை வைத்திருப்பதையே பெரும்பாலும் விரும்புவார்கள். அதுவரை மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றும்போதே, அடைப்பு வராமலிருக்க உப்புநீர் செலுத்திப் போர்ட்டைக் கழுவிவிடுவோம்; மருந்து நின்றபின்னும் அதை விட்டுவைத்தால், வழக்கமாக நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதற்கென்றே வர வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மருந்தை இணைக்கும் முன் போர்ட்டிலிருந்து ரத்தம் திரும்பி வருகிறதா என்று செவிலியர் இழுத்துப் பார்க்க வேண்டும்; வராவிட்டால் சிவப்பு மருந்தை ஏற்ற விடாதீர்கள். போர்ட்டைக் கழுவிய சிறிது நேரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அது குழாயில் தொற்று ஏற்பட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். அப்போது பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலைவரை காத்திருக்காமல், அந்த இரவே அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கீமோ நடக்கிறது என்பதையும் போர்ட் இருக்கிறது என்பதையும் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.