ஜனவரியில் ஃப்ரீமான்ட் டு எடிசன், காரில்: ஐ-80 ஆ, ஐ-40 ஆ?

ஃப்ரீமான்ட்_குடும்பம்:
ஜனவரி இரண்டாம் வாரம் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டிலிருந்து நியூ ஜெர்சி எடிசனுக்கு வீடு மாற்றுகிறோம். ஃப்ரன்ட் வீல் டிரைவ் கேம்ரி, ஆல் சீசன் டயர். பெரியவர்கள் இருவர், குழந்தைகள் இருவர். கையில் ஆறு நாள். வடக்கே போகும் ஐ-80 நெடுஞ்சாலையா, தெற்கே போகும் ஐ-40 நெடுஞ்சாலையா, எந்த வழி, எந்தெந்த ஊரில் தங்கலாம்?

எண்பதடி_சாலை:
யோசிக்கவே வேண்டாம், ஐ-80. மொத்தம் 2,900 மைல் சொச்சம். ஐ-40 பிடித்து டென்னசியில் ஐ-81, அப்புறம் ஐ-78 என்று சுற்றினால் 3,100 தாண்டிவிடும். முதல் நாள் எல்கோ, இரண்டாம் நாள் ராக் ஸ்பிரிங்ஸ், மூன்றாம் நாள் நார்த் பிளாட், நான்காம் நாள் அயோவா சிட்டி. ஒமாஹா தாண்டிவிட்டால் பெரிய ஊர்களுக்குக் குறைவே இல்லை. குழந்தைகளோடு போகும்போது அது முக்கியம்.

தென்வழி:
ஒமாஹா தாண்டுவது இருக்கட்டும், முதலில் லாரமி தாண்ட வேண்டுமே பாஸ்! வயோமிங்கில் ராலின்ஸுக்கும் லாரமிக்கும் நடுவே 100 மைல். எல்க் மவுண்டன் அடிவாரத்தில் ரோடு போகிறது. பழைய யு.எஸ். 30 நெடுஞ்சாலை மெடிசின் போ என்ற ஊர் வழியாக வடக்கே வளைந்து போனது. அதை விட்டுவிட்டு மலையை ஒட்டி நேராகப் போட்டு 1970 அக்டோபரில் திறந்தார்கள். அங்கே போடாதீர்கள், காற்று அள்ளிக்கொண்டு போகும் என்று உள்ளூர்க்காரர்கள் அப்போதே சொன்னார்கள். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஆனால் தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பி விட்டு முன்னால் போகும் ட்ரக்கின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது.

எண்பதடி_சாலை:
அதற்குத்தான் ஓரமெல்லாம் பனித்தடுப்பு வேலி, மாறும் வேக வரம்புப் பலகை எல்லாம் வைத்திருக்கிறார்கள். மோசமானால் கேட்டை இறக்கி மூடிவிடுவார்கள். திறந்ததும் போக வேண்டியதுதான்.

பதினெட்டுச்_சக்கரம்:
ரெண்டு பேருமே முக்கியமான விஷயத்தை விட்டுட்டீங்க. மூடும்போது அந்த 100 மைல் மட்டும் மூடுறதில்ல. லாரமியில, ராலின்ஸ்ல ட்ரக் நிறுத்த இடம் நிரம்பிட்டா, பின்னாடி இருக்கிற ஊர்லேயே, அதாவது ராக் ஸ்பிரிங்ஸ்லயோ எவன்ஸ்டன்லயோ வண்டிகளை நிறுத்திடுவாங்க. அப்ப மோட்டல் ரூம் மளமளன்னு தீர்ந்துடும். அதனால "ராலின்ஸ் வரைக்கும் போயிப் பார்ப்போம்"னு கிளம்பாதீங்க. மேற்கே ராக் ஸ்பிரிங்ஸ்ல தங்கி, காலைல அஞ்சு மணிக்கு வயோமிங் 511 (ரோடு நிலவரம் சொல்ற சேவை) பாருங்க. திறந்திருந்தா டேங்க்கை நிரப்பிட்டுக் கிளம்புங்க. அந்தப் பகுதியில அரை டேங்க்குக்குக் கீழ இறங்கவே கூடாது. யு.எஸ். 30-ல சுத்திப் போலாம்னு மேப் காட்டும், நம்பாதீங்க. பெரும்பாலும் அதையும் சேர்த்தே மூடிடுவாங்க.

இன்னொண்ணு: காருக்குப் பின்னாடி டிரெய்லர் இழுக்குறீங்களா? காத்து ஜாஸ்தியானா கார், ட்ரக்கை எல்லாம் விட்டுட்டு இலேசான டிரெய்லரை மட்டும் தடுப்பாங்க.

ஃப்ரீமான்ட்_குடும்பம்:
டிரெய்லர் இல்லை, சாமான் எல்லாம் மூவர்ஸ் கொண்டுபோகிறார்கள். பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் செயின் வாங்க வேண்டுமா?

எண்பதடி_சாலை:
கட்டாயம். கலிஃபோர்னியாவில் ஐ-80 ஏறும் டானர் கணவாய் 7,239 அடி. அங்கே செயின் கட்டுப்பாட்டில் மூன்று நிலை. ஆர்1 என்றால், டயரில் எம்+எஸ் (சேறு, பனிக்கு ஏற்றது) முத்திரை இருந்தால் உங்கள் கார் செயின் மாட்டாமல் போகலாம், ஆனால் டிக்கியில் செயின் இருக்க வேண்டும். ஆர்2 வந்துவிட்டால் மாட்டியே ஆக வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு, நாலிலும் ஸ்னோ டயர் இருந்தால், அதில் விலக்கு உண்டு. ஆர்3 என்றால் யாருக்கும் விலக்கில்லை. அந்த நிலை வருமுன் பெரும்பாலும் ரோட்டையே மூடிவிடுவார்கள்.

பதினெட்டுச்_சக்கரம்:
உங்க வண்டிக்கு முன் சக்கரத்துல மாட்டணும். பின்னாடி மாட்டிட்டு "ஏன் ஏற மாட்டேங்குது"ன்னு முழிக்கிறவங்க உண்டு. டயர் பக்கவாட்டுல இருக்கிற சைஸ் நம்பரை எழுதிட்டுப் போய் கேபிள் வகை வாங்குங்க. தடிமனான செயின் சஸ்பென்ஷன்ல உரசும், ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்க. மாட்டி கொஞ்ச தூரம் உருட்டி, இறங்கி மறுபடி இறுக்கணும். தளர்ந்த நுனி தொங்கினா பிரேக் ஹோஸை அறுத்துடும். மணிக்கு 30 மைல் வேகத்துக்கு மேல ஓட்டாதீங்க, காஞ்ச ரோடு வந்ததும் கழட்டிடுங்க. உங்க சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில விக்கிற, முன்கண்ணாடி கழுவுற வாஷர் திரவம் பெரும்பாலும் தண்ணிதான், உறைஞ்சிடும். ரீனோவுல மைனஸ் 20 ஃபாரன்ஹீட் தாங்குறதை ஊத்திக்குங்க.

தென்வழி:
இவ்வளவு பாடு எதற்கு என்பதுதான் என் கேள்வி. ஐ-40-ல் தினமும் 460 முதல் 580 மைலுக்குள் முடியும்: நீடில்ஸ், ஆல்புகர்க்கி, ஓக்லஹோமா சிட்டி, மெம்ஃபிஸ், பிரிஸ்டல், ஆறாம் நாள் எடிசன். டோலும் கிடையாது. ஐ-80-ல் இந்தியானாவிலும் ஒஹாயோவிலும் கட்ட வேண்டும். குழந்தைகள் கால் நீட்ட நாஷ்வில் பெல்வியூவில் கணேசர் கோயில், ஐ-40-க்குப் பக்கத்திலேயே.

எண்பதடி_சாலை:
ஃபிளாக்ஸ்டாஃப் என்ன கடற்கரையா? ஊரே கிட்டத்தட்ட 7,000 அடியில் இருக்கிறது, அதற்குச் சற்று மேற்கே ஐ-40 7,300 அடிக்கு மேல் ஏறுகிறது. ஹெலீன் புயலில் ஐ-40 ஆற்றோடு போனதை மறந்துவிட்டீர்களா?

தென்வழி:
2024 செப்டம்பரில் ஆறு அரித்துக்கொண்டு போனது வட கரோலினா எல்லையில், பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில். நாம் டென்னசி 421-ஆம் மைலிலேயே ஐ-81-க்குத் திரும்பிவிடுகிறோம், அந்தப் பக்கமே போவதில்லை. ஃபிளாக்ஸ்டாஃபில் பனி விழும், உண்மைதான். நீடில்ஸில் ஒரு நாள் காத்திருந்தால் தீர்ந்தது. அங்கே 500 அடி உயரம்தான், பனிப் பிரச்சினையே இல்லை.

பதினெட்டுச்_சக்கரம்:
ஐ-40-ல பயப்பட வேண்டியது ஃபிளாக்ஸ்டாஃப் இல்ல சார், அமரில்லோவுல இருந்து ஓக்லஹோமா சிட்டி வரைக்கும். அங்க உறைமழை வரும். மழையா விழுந்து ரோட்டுல பட்டதும் கண்ணாடியா ஆயிடும். பாலத்துலதான் முதல்ல உறையும், ஏன்னா அடியிலயும் காத்து போகுது. அந்த எச்சரிக்கை வந்தா ஆல்புகர்க்கியை விட்டு நகராதீங்க. ஐ-81-ம் லேசுப்பட்டது இல்ல, வர்ஜீனியாவுல மட்டும் 325 மைல், பெரும்பகுதி பக்கத்துக்கு ரெண்டு லேன், பூரா ட்ரக்.

ஃப்ரீமான்ட்_குடும்பம்:
சால்ட் லேக் சிட்டி வரை ஐ-80-ல் போய், வயோமிங் மூடியிருந்தால் அங்கிருந்து ஐ-70-க்கு இறங்கலாமா?

தென்வழி:
ஐ-70 கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். ஃப்ரன்ட் வீல் கேம்ரியை அங்கே ஏன் கொண்டுபோகிறீர்கள்?

எண்பதடி_சாலை:
இதில் மட்டும் ஒத்துப்போகிறேன். மூடியிருந்தால் சால்ட் லேக்கிலேயே ரூமை நீட்டித்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டுச்_சக்கரம்:
முடிவை வீட்டை விட்டுக் கிளம்புற முந்தின ராத்திரி எடுங்க. டானருக்கு மறுநாள் வானிலை, எல்க் மவுண்டனுக்கு மூணாம் நாள் காத்து, ரெண்டும் பாருங்க. காத்து வேகம் மணிக்கு 50 மைலுக்கு மேல காட்டினா ஐ-40-ஐப் பிடிக்க பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் திருப்பிடுங்க. எந்த வழியா இருந்தாலும் ரூமை கேன்சல் பண்ற மாதிரி போடுங்க. கிழக்கே போறப்ப நேர மண்டலம் மாறி மூணு மணி நேரம் காணாமப் போகும், அதையும் கணக்குல வெச்சுக்குங்க.