ஷிங்கிள் கூரை: கூடுவாய்த் தகட்டில் ஆணி எங்கே அடிப்பது?

கேள்வி: ஷிங்கிள் (ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அடிக்கும் தட்டையான கூரைத் துண்டு) போடும் கூரையில், இரண்டு சரிவும் சேரும் கூடுவாயில் 24 அங்குல அகலத் தகடு போடுகிறோம். நடுவில் ஆணி அடிக்கலாமா? அடியில் என்ன விரிப்பது?

பதில் 1: நடுவில் கூடவே கூடாது, தண்ணீர் ஓடும் இடம் அது. தகட்டின் வெளி ஓரத்திலிருந்து 1 அங்குலத்துக்குள் அடியுங்கள். கிளிப் (தகட்டின் ஓரத்தைத் துளையிடாமல் பிடிக்கும் கொக்கி) கிடைத்தால் இன்னும் நல்லது, வெயிலில் தகடு நீளவும் சுருங்கவும் இடம் இருக்கும். இறுக்கிப் பிடித்தால் நெளிந்துவிடும். அடியில் 36 அங்குல அகலத்தில் ஒட்டும் மெம்பிரேன் (நீர் புகாத விரிப்பு). கீழிருந்து மேலே போங்கள், மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் 12 அங்குலம் ஏற வேண்டும்.

பதில் 2: ஷிங்கிள் ஆணியும் நடுக்கோட்டிலிருந்து 6 அங்குலம் தள்ளியே. கூடுவாய் ஓரமாக வெட்டிய ஷிங்கிளின் மேல்முனையைச் சாய்வாக நறுக்குங்கள். பலர் இதைத்தான் விடுகிறார்கள். கூர்முனை தண்ணீரைப் பக்கவாட்டில் உள்ளே இழுத்துவிடும்.

பதில் 3: ஒரு சரிவு அதிகச் செங்குத்தா? நடுவில் மேடு உள்ள தகடு வாங்குங்கள், வேகமாக வரும் நீர் எதிர்ப்பக்கம் ஏறாது.