கடலோர வீட்டு யன்னல்களுக்குத் திரைச்சீலை: துணியும் அளவும் பற்றி ஓர் ஐயம்

உப்புவெளிக்காரி:
வணக்கம். உப்புவெளியில், கடற்கரைக்கு மிக அண்மையில் கட்டிய புதிய வீட்டில் தைப்பொங்கலுக்கு முன்னர் குடிபுக எண்ணியிருக்கிறோம். முன்கூடத்தில் கிழக்கைப் பார்த்தபடி 5 அடி அகலமான இரண்டு யன்னல்களும், படுக்கையறையில் மேற்கைப் பார்த்தபடி ஒன்றும் இருக்கின்றன. முன்பிருந்த வாடகை வீட்டுக்கு ஒரு கடையில் அளவு கொடுத்துத் தைப்பித்த 84 அங்குலப் பருத்தித் திரைச்சீலைகள், முதல் துவையலிலேயே 3 அங்குலம் சுருங்கி அரைக்காற்சட்டைபோல் தொங்கின; ஒரு மாரி கழிவதற்குள் கம்பியும் துருப்பிடித்துத் துணியெல்லாம் கறையாகிவிட்டது. இம்முறை செற்றி உறை, குஷன், கட்டில் விரிப்பு ஆகியவையும் திரைச்சீலையோடு பொருந்த வேண்டும் என்பது என் விருப்பம். எல்லாவற்றையும் ஒரே துணியில் தைப்பித்தால் வேலை முடிந்தது என்கிறார் கணவர். அது சரியாகுமா? எத்தனை யார் துணி வாங்க வேண்டும்?

தையல்மேசை:
வணக்கம் தங்கச்சி. 84 அங்குலத்தில் 3 அங்குலம் என்பது ஏறக்குறைய மூன்றரை வீதம். பருத்திக்கு அந்தச் சுருக்கம் இயல்பானதே. துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும்; அப்படிச் செய்யாமல் விட்டதுதான் பிழை.

கணக்கை யன்னலில் தொடங்காமல் கம்பியில் தொடங்குங்கள். யன்னல் 60 அங்குலம் என்றால், விலக்கிய துணி கண்ணாடியை மறைக்காமல் சுவரோரம் ஒதுங்குவதற்குக் கம்பியைப் பக்கத்துக்கு 8 அங்குலம் நீட்ட வேண்டும்; ஆகக் கம்பி 76 அங்குலம். சுருக்கு அழகாக விழ அதன் இரு மடங்கு அகலம் தேவைப்படுவதால், 54 அங்குல அகலத் துணியில் மூன்று துண்டுகள் வேண்டும். நடுத்துண்டை இரண்டாகக் கிழித்து இரு பக்கத்துக்கும் சேர்க்கலாம். தொங்கும் நீளம் 84, மேல்மடிப்பு 4, அடியில் இரட்டை மடிப்புக்கு 8, ஆக ஒரு துண்டு 96 அங்குலம். மூன்று துண்டுகளுக்கு 288 அங்குலம், அதாவது ஒரு யன்னலுக்குச் சரியாக 8 யார். பூப்போட்ட துணியானால் கணக்கு மாறும். பூ 25 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பி வருமானால், பொருத்தில் பூ சேர்வதற்காக ஒவ்வொரு துண்டையும் 100 அங்குலமாக வெட்ட நேரிடும். சுருக்கத்துக்கு இதற்கு மேலும் கொஞ்சம் வேண்டும். நான் வாங்குவதானால் யன்னலுக்கு 9 யார் வாங்குவேன்.

ஒரே துணியில் எல்லாவற்றையும் தைத்தால் வீடு துணிக்கடையின் காட்சியறைபோல ஆகிவிடும். உங்கள் அண்ணன் முறையில் சொல்கிறேன், மாப்பிள்ளை கோபிக்கக் கூடாது. பூத்துணி ஒன்றைத் தெரிந்து அதைக் குஷனுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதிலுள்ள மிக வெளிறிய நிறத்தைத் திரைச்சீலைக்கும், அழுத்தமான நிறத்தைச் செற்றிக்கும் எடுங்கள். கட்டில் விரிப்புக்கு மருதமுனைக் கைத்தறி நன்றாக இருக்கும்; அதையும் முதலில் நனையுங்கள். 18 அங்குலக் குஷனுக்கு உறையை 17 அங்குலமாகத் தைத்தால்தான் மூலைகள் தளராமல் நிற்கும். சிப் நைலோனாக இருக்கட்டும். மேற்கு யன்னலுக்குக் கட்டாயம் லைனிங், அதாவது திரைச்சீலைக்குப் பின்னால் வெயில் படும் பக்கத்தில் இன்னொரு துணி, போடுங்கள்.

உவர்மலைவாசி:
கணக்கை ஒப்புக்கொள்கிறேன், லைனிங்கை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கு யன்னலைத் திறந்து பாருங்கள். லைனிங் போட்ட கனத்த துணி பாய்மரம்போல் உப்பி மேசையிலுள்ளவற்றைத் தட்டிவிடும். யன்னலைச் சாத்தினாலோ, கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரைச்சீலை என்ன செய்ய முடியும்? வெயிலை மறிக்க வேண்டிய இடம் கண்ணாடிக்கு வெளியே. நம் முன்னோர் விறாந்தையில் கிடுகுத்தட்டி கட்டியதன் காரணம் இதுதான். வெளியே சுருட்டக்கூடிய மூங்கில் தட்டியும் உள்ளே மெல்லிய துணியும் போதும். பின்புறம் இறப்பர் பூசிய இருட்டுத்துணியை வாங்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தப் பூச்சு வெக்கையில் ஒட்டிக்கொண்டு செதில்செதிலாக உரிந்தது.

தையல்மேசை:
தட்டி நல்ல யோசனை. ஆயினும் பிற்பகல் வெயில் நேரே படும் துணி, லைனிங் இல்லாவிட்டால் விரைவில் வெளிறி, மடிப்போரங்களில் இற்றுப்போகும் என்பதை நான் பழுது பார்க்க வரும் துணிகளில் கண்டு வருகிறேன். லைனிங்கைச் சேர்த்துத் தைக்காமல் தனித்துணியாக அதே கொழுக்கியில் மாட்டினால், கச்சான் காலத்தில் கழற்றி வைக்கலாம், தனியே துவைக்கவும் செய்யலாம்.

பட்டறைத்தம்பி:
கம்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எவர்சில்வர் என்று சொல்லி விற்பவற்றில் பல, மேலே பூச்சிட்ட இரும்புதான். காந்தம் பிடித்துப் பாருங்கள், நன்றாக ஒட்டினால் கடலோரத்துக்கு ஆகாது. உண்மையான எவர்சில்வரிலும், வழக்கமான 304 என்ற தரத்தில் உப்புக்காற்றில் பழுப்புப் புள்ளிகள் வரும். மொலிப்டினம் கலந்த 316 தரம் அதைவிட நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். அது கட்டுப்படியாகாவிட்டால் பொலிஷ் செய்த மரக்கம்பே போதும். அக்காவின் பழைய திரைச்சீலையில் கறை ஏற்றியது கம்பி மட்டும்தானா என்றும் பாருங்கள். துணியில் அடித்த இரும்பு வளையங்களும் அதே வேலையைச் செய்யும். பிளாஸ்ரிக் கொழுக்கி போடுங்கள். 76 அங்குலக் கம்பிக்கு நடுவிலும் ஒரு தாங்கி வேண்டும். ஆணியும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

உப்புவெளிக்காரி:
அனைவருக்கும் நன்றி. பழைய துணியை எடுத்துப் பார்த்தேன். தம்பி சொன்னது போலவே கறை ஒவ்வொரு வளையத்தையும் சுற்றி வட்டமாகத்தான் இருக்கிறது. கிழக்கு யன்னல்கள் இரண்டுக்கும் லைனிங் இல்லாத வெளிர் மணல் நிறத் துணி 18 யார், மேற்குக்கு அதே துணியும் கழற்றக்கூடிய லைனிங்கும், வெளியே மூங்கில் தட்டியும் என்று முடிவெடுத்திருக்கிறோம். கணவர் தெரிந்தெடுத்த பெரிய பூத்துணி நான்கு குஷன்களோடு நிறுத்தப்பட்டுவிட்டது.