பொலேரோ பிக்கப்: முன் பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: பிரேக் மிதித்தால் முன் வலது சக்கரத்தில் கீச்சென்று சத்தம். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடுகள்ல உள்பக்க பேட் 2 மி.மீ.தான் இருக்கு, வெளிப்பக்கம் 6. வலதை மட்டும் மாற்றினால் போதுமா அண்ணே?

பதில் 1: போதாது தம்பி. ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாத்துங்க, இல்லேன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். உள்பேட் மட்டும் தேஞ்சிருந்தா பெரும்பாலும் காலிப்பர் (பேடைப் பிடிச்சு அழுத்துற பாகம்) நகர்ற ஸ்லைடு பின் இறுகியிருக்கும். கழற்றி, துருவைத் துடைச்சு, சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. சாதா கிரீஸ்னா அந்தப் பின்னை மூடியிருக்கிற ரப்பர் பூட் உப்பிடும். ஸ்லைடு பின் நல்லா நகர்ந்தா, பேடைத் தள்ளுற பிஸ்டனைப் பாருங்க.

பதில் 2: புது பேடுக்கு இடம் விட பிஸ்டனை உள்ளே தள்றப்ப பிரேக் ஆயில் டப்பாவைக் கவனிங்க. வழிஞ்சா பெயிண்ட் போச்சு. காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸ்ல தொங்கவிடாம கம்பியால கட்டுங்க. வெறும் ஜாக்கியை நம்பாதீங்க, வண்டியைத் தாங்க ஸ்டாண்டு கட்டாயம்.

பதில் 3: முடிச்சதும் பெடல் கெட்டியாகும்வரை மிதிங்க, அப்புறம்தான் வண்டியை எடுக்கணும். முதல் மிதி சும்மா தரைவரை போகும்.